அப்பத்தா கப்பல் ஏறிய இடம்

மதுரையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு ஏழெட்டுத் தடவை போயிருக்கிறேன். ஒரு தடவைகூட அந்தத் தீவைப் பார்த்ததில்லை. விடிவதற்கு முன்னால் கிளம்புவோம். அக்னி தீர்த்தத்தில் முழுக்கு, 22 தீர்த்தம், சாமி தரிசனம் எல்லாம் முடித்துக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு ராமநாதபுரம் திரும்பிவிடுவோம். பாம்பன் பாலத்தில் வண்டி போகும்போது ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்ப்பதோடு கடல் முடிந்துபோகும்.

2025 மே மாதம் அப்படிப் போகக் கூடாது என்று முடிவு செய்தோம். காரணம் என் மாமியார். பிள்ளைகளுக்கு அப்பத்தா, எனக்கு அத்தை. அத்தைக்கு வயது 76. 'எனக்குக் கோயில்கூட அப்புறம்தான் தாயி. நான் சின்னப் பிள்ளையில கப்பல் ஏறுன எடத்தைப் பாக்கணும்' என்றார்கள். அவர்களுடைய அப்பா இலங்கையில், கண்டியில் மளிகைக்கடை வைத்திருந்தவர். அந்தக் காலத்தில் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்தில் இது சாதாரணம். முழுப் பரீட்சை லீவுக்கு அம்மாவோடு அக்கரை போய் இருந்துவிட்டு வருவார்களாம். கல்யாணமாகி வந்த 18 வருஷத்தில் இதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். தனுஷ்கோடியில் இருக்கும் அந்த இடத்துக்கு அவர்களைக் கூட்டிப்போக வேண்டும் என்று மட்டும் எனக்குத் தோன்றியதே இல்லை. பாம்பனிலிருந்து தீவின் கிழக்குக் கோடியான அரிச்சல்முனை வரை சுமார் 30 கிலோமீட்டர். அவ்வளவுதான் தீவின் நீளம். அதற்கு இரண்டு நாள் ஒதுக்கினோம்.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். பரமக்குடி வரை நான்கு வழிச் சாலை, வண்டி வழுக்கிக்கொண்டு போனது. ராமநாதபுரம் தாண்டியதும் காற்றில் உப்பு ஏறிவிடும். உச்சிப்புளி வந்தபோது பனைமரங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நிற்பதைச் சின்னவன் கவனித்துச் சொன்னான். மண்டபத்தில் அத்தை கண்ணாடியை இறக்கச் சொன்னார்கள். 'இங்கதான் கேம்ப். சிலோன் போறவங்களை இங்க எறக்கி, ஊசி போட்டு, நாள்கணக்கா வச்சிருந்துதான் அனுப்புவாங்க.' அங்கிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போனவர்கள். பின்னால் போர்க்காலத்தில் அக்கரையிலிருந்து ஓடி வந்தவர்களுக்கும் அதே மண்டபம்தான் முகாம் ஆனது. போனவர்களுக்கும் அதே ஊர், வந்தவர்களுக்கும் அதே ஊர்.

சாலைப் பாலம் 1988இல் திறந்தது. அதற்கு முன்னால் தீவுக்குப் போக ரயில் அல்லது படகுதான். பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தக் கூடாது. நிறுத்தவும் வேண்டாம். பாம்பன் பக்கம் இறங்கி, கடற்கரைக்குப் போய் நாங்கள் அண்ணாந்து பார்த்தபோது மூன்று பாலமும் ஒன்றாகத் தெரிந்தன. நாங்கள் போனபோது புதிய ரயில் பாலம் திறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பக்கத்திலேயே 1914இல் கட்டிய பழைய பாலம் ரயில் இல்லாமல் நின்றது. பழைய பாலத்தின் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து, கூப்பிய கை விரிகிற மாதிரி மேலே போகும். அதைத் திறக்க ஆட்கள் நின்று கையால் சுற்றுவார்கள். புதியதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே நேராக 17 மீட்டர் மேலே ஏறுகிறது. சின்னவன் அது ஏறுவதைப் பார்க்காமல் நகர மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தான். கப்பல் வந்தால்தான் ஏற்றுவார்கள் என்று வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் அவனைச் சமாதானப்படுத்தினார். கடைசியில் ஒரு ரயில் வந்தது. அவனுக்கு அதுவே போதுமாக இருந்தது.

அந்தப் பெரியவர் விசைப்படகு வைத்திருப்பவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் குஞ்சு பொரிக்கிற காலம் என்பதால் கிழக்குக் கரை முழுக்க விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. படகுகளைக் கரையேற்றி, பலகை மாற்றி, பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். 'எங்களுக்கும் இப்பத்தான் முழுப் பரீட்சை லீவு' என்று சின்னவனிடம் சொன்னார். ஆனால் பெட்ரோல் கடைக்காரரும் பள்ளிக்கூடமும் மளிகைக்கடைக்காரரும் அவருக்கு லீவு விடுவதில்லை. அந்த வருஷம் அரசு தந்த நிவாரணம் குடும்பத்துக்கு எட்டாயிரம் ரூபாய். இரண்டு மாதத்துக்கு.

பாம்பனிலிருந்து உள்ளே போனால் முதலில் அக்காள்மடம், அடுத்தது தங்கச்சிமடம். பிள்ளைகள் இருவரும் பலகையைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள். மடம் என்றால் சேது யாத்திரை போகிறவர்கள் தங்கிய சத்திரம். பாலம் இல்லாத காலத்தில் காசியிலிருந்துகூட நடந்து வந்தவர்கள் கடலைத் தாண்டி, இந்த மணலில் கால் புதைய நடந்து, இங்கே ஒரு ராத்திரி தங்கியிருப்பார்கள்.

மதியம் விடுதியில் படுத்துவிட்டு, வெயில் சாய்ந்த பிறகு தனுஷ்கோடிக்குக் கிளம்பினோம். மாலைக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள், இருட்டுவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். ஆகவே மூன்று மணிக்கே புறப்பட்டுவிடுங்கள்.

முகுந்தராயர் சத்திரம் தாண்டியதும் அந்தச் சாலை ஆரம்பிக்கிறது. 2017 வரை இங்கே தார்ச் சாலை கிடையாது. மணலில் ஓடுகிற வேன்களில்தான் போக முடியும். இப்போது நேராக முனை வரைக்கும் ரோடு. இரண்டு பக்கமும் கடல். இடது பக்கம் பாக் நீரிணை, வலது பக்கம் மன்னார் வளைகுடா. சில இடங்களில் இரண்டுக்கும் நடுவில் ரோடும் கொஞ்சம் மணலும்தான் இருக்கின்றன. அன்றைக்கு வலது பக்கம் அலை எழும்பி எழும்பி விழுந்துகொண்டிருந்தது. இடது பக்கம் கண்மாய்த் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது. இங்குள்ளவர்கள் ஒன்றை ஆண்கடல் என்றும் மற்றதைப் பெண்கடல் என்றும் சொல்கிறார்கள். தென்மேற்கிலிருந்து காற்று வீசும் மாதங்களில் தெற்குக் கடல்தான் கொந்தளிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை திரும்பினால் வடக்குக் கடலுக்கு வேகம் வந்துவிடும். 'ஆறு மாசம் கழிச்சு வாங்க, ரெண்டும் எடம் மாறியிருக்கும்' என்றார் பிற்பாடு நாங்கள் சந்தித்த ஒருவர்.

அவரைச் சந்தித்ததும் ஒரு சங்கடத்தில்தான். இடது பக்கக் கரையில் பதினைந்து இருபது பேர் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். பெரியவள் பார்க்க வேண்டும் என்றாள். என் கணவர் காரை ரோட்டிலிருந்து இறக்கி ஓரங்கட்டினார். பத்து நிமிஷம் கழித்து எடுக்கப் போனால் முன்சக்கரம் இரண்டும் மணலில். அவர் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி இன்னும் கீழே போனது. வலை இழுத்தவர்களில் நான்கு பேர் ஓடி வந்தார்கள். 'ரேஸ் பண்ணாதீங்க சார். மொதல்ல காத்தை எறக்குங்க' என்றார் ஒருவர். டயரில் காற்றைப் பாதிக்கு மேல் இறக்கி, சக்கரத்துக்கு முன்னால் கையாலேயே மணலைப் பறித்து, பனையோலையும் பழைய வலைத்துண்டும் போட்டு, 'இப்ப மெதுவா, செகண்ட் கியர்ல' என்றார்கள். ஏறிவிட்டது. பணம் கொடுத்தபோது வாங்கவில்லை. 'ஆளு கொறையுது, வந்து ஒரு கை கயிறு புடிங்க' என்றார்கள்.

அப்படித்தான் என் கணவரும் பெரியவளும் கரைவலை இழுத்தார்கள். வலையின் இரண்டு முனைக் கயிறும் கரையில் இருக்கும். படகில் போய் அரைவட்டமாக வலையை விரித்துவிட்டு வருவார்கள். பிறகு இரண்டு பக்கமும் நின்று இழுக்க வேண்டும். இழுக்க இழுக்க இரண்டு வரிசையும் நெருங்கி வரும். கடைசியில் வலையின் பை மாதிரியான மடி கரைக்கு வந்தபோது உள்ளே கொஞ்சம் சூடை, கொஞ்சம் காரல், நாலைந்து நண்டு. அத்தனை பேர் மணிக்கணக்கில் இழுத்ததற்கு அவ்வளவுதான். யாரும் முகம் சுளிக்கவில்லை. அங்கேயே பங்கு பிரித்தார்கள். என் மகள் கையில் கயிறு அறுத்த தடம் சிவப்பாக இருந்தது. இரண்டு நாளும் அதை எல்லாரிடமும் காட்டிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் பழைய ஊர். இடிந்த தேவாலயத்தின் சுவர், ரயில்வே தண்ணீர்த் தொட்டியின் தூண்கள், தபால் ஆபீஸ் இருந்த இடம் என்று அங்கங்கே நிற்கின்றன. சுவர்க் கல்லைக் கிட்டப் போய்ப் பாருங்கள், பவளப்பாறையின் ஓட்டைகள் தெரியும். கடலிலிருந்து வெட்டி எடுத்துக் கட்டிய ஊர் அது. 1964 டிசம்பர் 22ஆம் தேதி ராத்திரி புயலில் கடல் உள்ளே வந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில் ஸ்டேஷனைத் தொடுவதற்குச் சற்று முன்னால் அலையில் போய்விட்டது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் யாரும் மிஞ்சவில்லை. ஊர் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது. பாம்பன் ரயில் பாலமும் சேதமாகி, ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் பொறுப்பில் 46 நாளில் சரிசெய்யப்பட்டது. ஆனால் அதற்கு மேல் தனுஷ்கோடிக்கு ரயில் வரவில்லை.

அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நடந்தார்கள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு சுவரைப் பார்த்து நின்றார்கள், திரும்பினார்கள், கடலைப் பார்த்தார்கள். கணக்குப் போடுகிற மாதிரி இருந்தது. சென்னையிலிருந்து வருகிற போட் மெயில் ரயில், கப்பல் நிற்கிற இடம் வரைக்கும் போகுமாம். ரயிலை விட்டு இறங்கினால் சுங்க ஆபீஸர் தகரப்பெட்டியைத் திறந்து பார்ப்பார். அம்மா முறுக்கு டின்னை மட்டும் இடுப்போடு வைத்திருப்பார். பெட்டிக்குள் வைத்தால் நொறுங்கிப்போகும் என்பதால். கப்பலுக்கு இர்வின் என்று பேர். ஏறியதும் எஞ்சின் சூடும் எண்ணெய் வாடையும் முகத்தில் அடிக்கும். தலைமன்னாரில் இறங்கி அந்தப் பக்க ரயில் ஏறும்வரை அத்தை அம்மா மடியில் படுத்தே வருவார்களாம். 'எனக்கு வாந்தி, எங்கம்மாவுக்குத் தூக்கம்' என்று சொல்லி நிறுத்தினார்கள்.

'எந்த இடம் அத்தை?' என்றேன்.

'கரையே தள்ளிப்போச்சே தாயி. தண்ணிக்குள்ள இருக்கு.'

சங்கு, பாசிமணி விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் இதைக் கேட்டுவிட்டு அருகில் வந்தார். அவருடைய மாமனார் அந்தக் கப்பல்துறையில் மூட்டை தூக்கியவராம். வடக்குக் கடல் பக்கம் கையைக் காட்டி, 'அங்க தூணு மிச்சம் இருந்துச்சும்மா, மாமா காட்டியிருக்காரு' என்றார். அத்தையும் அவரும் மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். அரை மணி நேரம் பேசினார்கள். நாங்கள் எழுப்பவில்லை.

அந்தப் பெண்ணின் குடிசைக்குப் பக்கத்தில்தான் பிள்ளைகள் ஊற்றைப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் உப்புக்கடல், நடுவில் மணலை முழங்கால் ஆழம் தோண்டினால் நல்ல தண்ணீர். மழைத்தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. ஆழமாகத் தோண்டினால் கரிக்கும். சிரட்டையால் மேலாக மொண்டு எடுக்க வேண்டும், ஊறும்வரை காத்திருக்க வேண்டும். அப்படி மொண்டு குடத்தை நிரப்பித்தான் இங்கே பெண்கள் குடும்பம் நடத்தியிருக்கிறார்கள்.

யூடியூப் வீடியோக்களில் தனுஷ்கோடிக்குப் 'பேய் நகரம்' என்று தலைப்பு வைக்கிறார்கள். எனக்கு அது வலிக்கிறது. அங்கே குடும்பங்கள் இருக்கின்றன. அடுப்பு எரிகிறது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், வலை காய்கிறது. புயலில் எல்லாம் போன பிறகும் கடலை விட்டுப் போக மாட்டோம் என்று நிற்கிறவர்களின் ஊர் அது. அந்தத் தேவாலயச் சுவரில் ஆணியால் பேர் கிறுக்கியிருப்பதைப் பார்த்தேன். தண்ணீர் பாட்டில்களை அந்த ஊற்றுப் பக்கமே எறிந்துவிட்டுப் போகிறார்கள். போகிறவர்கள் தயவுசெய்து உங்கள் குப்பையை உங்கள் வண்டியிலேயே எடுத்து வாருங்கள். அங்கே பொரித்த மீனோ ஒரு சங்கு மாலையோ வாங்கினால், அந்த வீட்டுக்கு அன்றைக்கு அரிசி.

அரிச்சல்முனையில் ரோடு ஒரு வட்டமடித்து முடிகிறது. நடுவில் நான்கு சிங்கத் தூண். அதற்கு அப்பால் வெறும் மணலும் இரண்டு கடலும் சேர்கிற கோடும்தான். அங்கே நின்றிருந்தபோது என் கணவரின் போனில் இலங்கைக்கு வரவேற்கிறோம் என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. அக்கரை சுமார் 30 கிலோமீட்டர். சின்னவன் போனை வாங்கி அப்பத்தாவுக்குப் படித்துக் காட்டினான். 'டிக்கெட்டு இல்லாம சேந்துட்டோமே அய்யா' என்றார்கள்.

இரண்டாம் நாள் விடிகாலையில் கோயில். 22 தீர்த்தத்திலும் வாளி வாளியாக ஊற்றினார்கள். பிள்ளைகளுக்கு மே மாதத்தில் அதைவிடச் சந்தோஷம் வேறில்லை. ஈரத்துணியோடு சன்னதிக்குள் விடமாட்டார்கள், மாற்றுத்துணி வேண்டும். மூன்றாம் பிரகாரத்தின் 1212 தூண்களைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது: காலை ஆறு மணிக்கு, கூட்டம் சேருவதற்கு முன்னால், அந்தப் பிரகாரத்தை ஒருமுறை யாரோடும் பேசாமல் சுற்றி வாருங்கள்.

திரும்பும் வழியில் பேய்க்கரும்பில் கலாம் நினைவிடம். அவருடைய அப்பா யாத்திரிகர்களை ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் படகில் ஏற்றிச் சென்றவர் என்று அங்கே சொன்னதும் அத்தை, 'அப்ப நம்ம ஊருக்காரங்களும் ஏறியிருப்பாங்க' என்றார்கள். பிறகு வில்லூண்டி தீர்த்தம். கடலுக்குள் ஒரு கிணறு, இறைத்துக் குடித்தால் உப்பில்லை. முந்தின நாள் ஊற்றைப் பார்த்திருந்ததால் பெரியவள் மற்றவர்களுக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

தங்கச்சிமடத்தில் நான் எதிர்பார்க்காத ஒன்று. ரோட்டோரத் தோப்பில் பாத்தி பாத்தியாக மல்லிகை நாற்று. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதில் எங்கள் ஊரில் எல்லாருக்கும் பெருமை உண்டு. ஆனால் அந்த மல்லிக்கு நாற்று இந்தத் தீவின் மணலிலிருந்துதான் போகிறது. குச்சியை வெட்டி நட்டால் இந்த மணலில் வேர் சட்டென்று இறங்குகிறதாம். மணலில் தோண்டிய குழியில் தண்ணீர் மொண்டு பானையால் ஊற்றிக்கொண்டிருந்த அம்மா, 'இங்க பூவுக்கு வளக்கிறதில்ல, வேருக்குத்தான்' என்றார். தினமும் தலையில் வைக்கிற பூவுக்கு வேர் எங்கே என்று இத்தனை வருஷம் நான் கேட்டதில்லை. அத்தை ஐந்து நாற்று வாங்கினார்கள். வேரை ஈரச் சாக்கில் சுற்றித் தந்தார்கள்.

கடைசியாகக் குந்துகால். 1897 ஜனவரி 26ஆம் தேதி விவேகானந்தர் மேல்நாட்டிலிருந்து திரும்பி வந்து இந்திய மண்ணில் முதலில் கால் வைத்த கரை. நினைவு மண்டபத்தைவிட அதற்குப் போகிற வழியில் இருக்கிற சின்னப்பாலம்தான் என் மனதில் நிற்கிறது. இங்குள்ள பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறவர்கள். வாசலில் உட்கார்ந்திருந்த ஒருவர், என்னைவிடச் சில வயது மூத்தவர், விரல்களை விரித்துக் காட்டினார். பாறை கிழித்த தழும்பு ஒவ்வொரு விரலிலும். துணியைச் சுற்றிக்கொண்டுதான் இறங்குவார்களாம். கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்கு ரப்பர் செருப்பு, மூச்சுக்குத் தன் நெஞ்சு மட்டும். இந்தப் பாசியிலிருந்துதான் அகர் அகர் எடுக்கிறார்கள். ஐஸ்கிரீமிலும் மருந்திலும் அது சேர்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்கா ஆன பிறகு, பாட்டி காலத்திலிருந்து போன இடங்களுக்கு இவர்கள் போனால் குற்றம். பாசி வளரட்டும் என்று வருஷத்தில் 45 நாள் தாங்களாகவே கடலில் இறங்காமல் இருக்கிறவர்கள் இந்தப் பெண்கள். நாங்கள் போனதும் அந்த நாட்களில்தான். கடலைக் காப்பதைப் பற்றி யாராவது பேசினால் இவர்களைக் கேட்டுவிட்டுப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். 'தலைக்கு மேல தண்ணி இருக்கும்போது பயம் வராதாக்கா?' என்று கேட்டேன். 'கீழ பாக்குறதுக்கு அவ்வளவு அழகா இருக்கும், பயம் எங்க வரும்' என்றார்.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பாலம் ஏறினோம். இடது பக்கம் அலை, வலது பக்கம் அமைதி. போகும்போது பார்த்ததற்கு நேர்மாறாக என்று சின்னவன் சொன்னான். நாம் திரும்பி வருகிறோம், அதனால்தான் என்று அவனுடைய அக்கா திருத்தினாள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் அத்தை காரைக்குடியில் இருக்கும் தங்கைக்குப் போன் செய்தார்கள். அடுப்படியில் இருந்த எனக்குப் பாதிதான் கேட்டது. 'இல்லடி, கப்பலடி இல்ல... தண்ணிக்குள்ள போயிருச்சு... ஆனா எடம் தெரிஞ்சிருச்சு. மாடியில மல்லிச்செடி வச்சிருக்கேன், வந்து பாரு.'